வீடில்லாதவனின் பிள்ளைகள்

தங்கள் ரத்தத்தில் எண்ணூறு ஆண்டுகளாகக் கலப்பே இல்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். ஆண்டு 2081. நிலவில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காயும் திராட்சையும் விற்றுக் கொழுத்த ஒரு சமூகம், தன் சங்கத்தின் நூற்றாண்டு மலரில், வாழ்த்துச் செய்திகளுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் நடுவே தன் மரபணுவையும் அச்சடித்துக்கொள்ள ஆசைப்பட்டது.

பன்னிரண்டு வீட்டார் என்று அவர்களுக்குப் பெயர். கல்வீடு, பனைவீடு, ஊற்றுவீடு, கோட்டைவீடு என்று பன்னிரண்டு. இங்கே வீடு என்றால் சுவரும் கூரையும் அல்ல, வம்சம். அப்பன் எந்த வீடோ பிள்ளையும் அந்த வீடு. ஒரே வீட்டுக்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. மற்ற பதினோரு வீடுகளில் எதில் வேண்டுமானாலும் கட்டலாம். அதைத் தாண்டிக் கட்டியவர்களின் பெயர்களைச் சங்கத்தின் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். அளவுகோல் வைத்து, நேர்கோடாக. ஒரு மனிதனை இல்லாமல் ஆக்குவதிலும் அவ்வளவு சுத்தம். அந்தக் கோடுகளைப் பார்த்த நிமிடமே அவர்களைப் பற்றி நான் முடிவு செய்துவிட்டேன்.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். எண்ணூறு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த கூட்டம் என் துறைக்காரனுக்கு எளிதில் கிடைக்காது. ஒரு கூட்டத்தின் பழக்கவழக்கம் அதன் உடம்பை எப்படிச் செதுக்குகிறது என்பதுதான் முப்பது ஆண்டுகளாக என் ஆராய்ச்சி. மனிதர்கள் எனக்கு மாதிரிகள். இவர்கள் நல்ல மாதிரிகள்.

சங்கத் தலைவர் பரமானந்தத்துக்கு எழுபது வயது. கல்வீடு. ஏலக்காயை முகர்ந்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். முதல் நாள் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"எங்க ஆளுக சுத்தம்னு எங்களுக்குத் தெரியும் எபனேசர் சார். ஒலகத்துக்கும் தெரியணும்ல?"

"கலப்பு இருந்துச்சுன்னா?"

"இருக்காது."

"இருந்தா?"

"சார், டீ ஆறுது."

மூவாயிரத்து நூறு பேரிடம் எச்சில் எடுக்க வேண்டும். வெளியாள் கேட்டால் துப்பக்கூட மாட்டார்கள் என்பதால், சங்கமே ஒரு பெண்ணை அனுப்பியது. நிறைமதி, கோட்டைவீடு, வயது இருபத்துநான்கு. அரசு மருத்துவமனையில் செவிலி. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது அவள் பிரிவு. அந்த ஊரில் நான் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அதற்குக் காரணம் அவளும் அவர்களை அப்படித்தான் பார்த்தாள்.

"பழக்கம் மாறுனா ஒடம்பும் மாறுமா சார்?" என்று ஒருநாள் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாறும். மாடு வளர்த்த கூட்டத்துல பெரியவங்களுக்கும் பால் செரிக்கும். மாட்டையே பார்க்காத கூட்டத்துல வயித்தக் கலக்கும். மாட்டைக் கட்டுனது பழக்கம். அதுக்கு ஏத்த ஒடம்பு பின்னாலதான் வந்துச்சு. ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்."

"அப்ப எங்க ஆளுகளுக்கு என்ன வந்திருக்கு? எண்ணூறு வருஷமா தலையாட்டிக்கிட்டே இருக்கோமே, கழுத்துல எலும்பு எதுவும் கூடியிருக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்குக் கேக்கல சார். இந்த மூணு வருஷத்துல இருபத்தோரு பிள்ளைகளுக்குக் காது கேக்கல. இருபத்தொண்ணும் எங்க ஆளுக பிள்ளைக. தொட்டிலுக்குப் பின்னாடி நின்னு கையத் தட்டித் தட்டிப் பாக்குறாக. அப்புறம் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறாக. சோதிச்சுச் சொல்ற நான்தான் அவுகளுக்கு மூதேவி. எனக்குக் காரணம் தெரியணும். அதுக்குத்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

மாலையில் அவளைக் கூட்டிப்போகத் துருவன் வருவான். ஊற்றுவீட்டுப் பையன், சொட்டுநீர்க் குழாய்களும் மோட்டார்களும் பழுது பார்ப்பவன். தை மாதம் இருவருக்கும் கல்யாணம். காதல்தான். ஆனாலும் வீடு வேறு வேறு என்பதால் ஊர் ஆசீர்வதித்திருந்தது. அவனுடைய எச்சிலை அவள்தான் எடுத்தாள்.

"என்ன சார், எனக்குள்ள எத்தன வெள்ளைக்காரன் இருக்கான்?" என்றான் அவன்.

"ஒரு கழுத இருக்கு" என்றாள் நிறைமதி. "அதுக்குச் சோதனை தேவையில்ல."

அவன் அதை நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

மூன்றாவது மாதம் முடிவுகள் வந்தன. கலப்பு உண்டா என்று தேட ஆரம்பித்த நான், வேறொன்றில் முட்டி நின்றேன். மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். பிறகு சங்கத்தின் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். மலருக்கு வரலாறு எழுதுகிறேன் என்று நினைத்து மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள்.

சங்கக் கட்டடத்தின் மாடி அறையில், ஒரு மதியம், நிறைமதியிடம் சொன்னேன்.

"ரெண்டாயிரத்து ஐம்பதுகள்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

"தோட்டத்துல மருந்தடிச்சு மருந்தடிச்சு ஆம்பளைங்களுக்கு வித்தே இல்லாமப் போச்சு. யாரும் பேச மாட்டாக. எல்லாருக்கும் தெரியும்." அவள் தோளைக் குலுக்கினாள். "நானும் புட்டிப் பிள்ளதான் சார். கவர்மெண்ட் வங்கியில எவன் வித்தையோ குடுக்கிறாங்கன்னு சங்கமே தனியா ஒரு வங்கி தொறந்துச்சு. வீட்டுக்கு ஒரு ஆம்பள குடுக்கணும்னு ஏற்பாடு. கோட்டைவீட்டுப் பிள்ளைக்குக் கோட்டைவீட்டு ஆளோடது, ஊற்றுவீட்டுக்கு ஊற்றுவீட்டு ஆளோடது. ரத்தம் மாறக் கூடாதுல்ல?"

"பன்னிரண்டு பேர் கொடுத்ததா பதிவேட்டுல எழுதியிருக்கு. பன்னிரண்டு புட்டி, பன்னிரண்டு சீட்டு. கொடுத்தவன் ஒருத்தன்."

அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

"மத்த பதினோரு வீட்டுலயும் ஆம்பளையே இல்லையா?"

"இருந்தாங்க. ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி சோதனை உண்டு. அதுல தோத்துட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா அவன் தங்கச்சிய எவனும் கட்ட மாட்டான்" என்று அவளே முடித்தாள். "அதனால ஒருத்தனும் வரல."

"ஒருத்தன் மட்டும் வந்தான். வங்கிக்காரங்க அவனோடதையே பன்னிரண்டா பிரிச்சு சீட்டு ஒட்டிட்டாங்க. உங்க ஆளுங்கள்ல இருபத்தெட்டு வயசுக்குக் கீழ ஆயிரத்து நூத்து நாப்பது பேர். அதுல எண்ணூத்தி ஆறு பேருக்கு அப்பன் ஒரே ஆள். அந்த ஆளோட ஒடம்புல செவிட்டுத்தனத்துக்கான குறை ஒண்ணு ஒளிஞ்சு கெடந்திருக்கு. அவன் பிள்ளைங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டா பேரப் பிள்ளைகள்ட்ட அது வெளிய வருது. ஏற்கெனவே தொண்ணூத்தேழு ஜோடி கட்டியாச்சு."

உடம்பைப் பழக்கம் செதுக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். இந்த அற்பர்களின் வெட்கம் அதை இருபத்தைந்தே ஆண்டில் செய்து முடித்திருந்தது.

மின்விசிறியில் ஏதோ ஒரு மரை கழன்று டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.  நிறைமதி மூடப்படாத குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடிபோட்டாள். பத்தொன்பது குழாய்கள். கடைசிக் குழாயை மூடியபின்தான் வாய் திறந்தாள்.

"துருவன்?"

எண்ணூற்று ஆறு பேரின் பட்டியலில் அவள் எண்ணையும் அவன் எண்ணையும் தொட்டுக் காட்டினேன். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"அவன்ட்ட சொல்லிட்டேன். அழுதான். பெரியவங்க என்ன சொல்றாகளோ அப்படின்னான்."

"நீ என்ன சொல்றே?"

"என்னால இன்னொரு பிள்ளைக்குக் காதுல கருவிய வச்சிட்டு அதோட ஆத்தா மொகத்தப் பாக்க முடியாது சார். என் கல்யாணம் போகட்டும். மத்ததும் நிக்கணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளு எந்த வீடு?"

"பனைவீடு. ஆண்வழியா வர்ற குறி ஒண்ணு உண்டு. பனைவீட்டு ஆம்பளைங்க எல்லார்கிட்டயும் அதே குறி இருக்கு. அவனோட ஆம்பளப் பிள்ளைங்கள்ட்டயும் அதே குறி. சந்தேகமே இல்லை."

"அதச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"நம்ம ஆளுதானேன்னு நிம்மதியா ஒரு பெருமூச்சு விடுவாக. வேற சீட்டு ஒட்டி எங்களத் திரும்ப உள்ளயே அடைப்பாக. வெளியாளுன்னு சொல்லுங்க. எவனோ ஊர் பேர் தெரியாதவன்னு சொல்லுங்க. எண்ணூறு பேரையும் சிவப்பு மையில அடிச்சுத் தொரத்தட்டும். தொரத்திட்டா நாங்க யார வேணா கட்டிக்கலாம். எங்களுக்கு அது போதும்."

முப்பது ஆண்டுகளில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அன்றைக்கு யோசிக்க எவ்வளவு குறைந்த நேரம் எடுத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்காக ஒப்புக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. கலப்பில்லாத அந்த முகங்கள் கறுத்துப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பினேன்.

அந்த ஞாயிறு காலை செயற்குழு கூடியது. வீட்டுக்கு ஒருவராகப் பன்னிரண்டு கிழவர்கள். சுவரில் மறைந்த தலைவர்களின் படங்கள், எல்லோருக்கும் ஒரே மீசை. கதவுக்கு வெளியே கூடத்தில் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். ஏதோ நடக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. முன்வரிசையில் நிறைமதி. பின்னால் தூணில் சாய்ந்து துருவன்.

உள்ளே நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஆள், எண்ணூற்று ஆறு பிள்ளைகள், தொண்ணூற்றேழு ஜோடிகள், இருபத்தொரு குழந்தைகள்.  காது கேளாத குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோதுகூட ஒருவரும் நிமிரவில்லை. எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்கத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

பரமானந்தம் கேட்டார்.

"ஆளு யாரு சார்? நம்ம ஆளா?"

"இல்லை. வெளியாள். உங்க பன்னிரண்டு வீட்டுல எந்த வீட்டோடயும் ஒத்துவரலை."

அதன்பிறகு வந்த மௌனத்தை நான் ருசித்தேன். அதை மறைக்கப்போவதில்லை. ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் படங்களைப் பார்த்தார். பரமானந்தம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். திறந்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. பாரம் இறங்கியவர் போல இருந்தார்.

"அப்பச் சரி" என்றார்.

"எது சரி?"

"எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் பிள்ளைய இன்னொருத்தன் தத்து எடுத்தா, அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வீடு. பெத்த வீட்டுலயும் பொண்ணு எடுக்க மாட்டோம், வளத்த வீட்டுலயும் எடுக்க மாட்டோம். ரெண்டும் பங்காளி. அந்த ஆளு மட்டும் நம்ம பன்னெண்டுல ஒரு வீட்டு ஆளா இருந்திருந்தா, எண்ணூத்தி ஆறும் அந்த வீட்டுப் பிள்ளைக. ஒண்ணுக்கொண்ணு பங்காளி. எல்லாக் கல்யாணத்தையும் இன்னைக்கே நானே நிறுத்தியிருப்பேன். என் பேரனோடதையும் சேத்து. கட்டுனவங்களையும் பிரிச்சிருப்பேன். இங்க ஒருத்தன் எதுத்துப் பேசியிருக்க முடியாது." கையை விரித்தார். "வெளியாளுக்கு வீடு ஏது? வீடு இல்லாதவனுக்குப் பங்காளி ஏது? அவன் வித்து வெறும் மருந்து மாதிரி. தாலி கட்டுனவந்தான் அப்பன். பிள்ளைக அவங்கவங்க வீட்டுப் பிள்ளைக. மொறையில ஒரு குத்தமும் இல்ல."

பதினொரு தலைகள் அசைந்தன.

"ரத்தம்?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக ஒலித்தது. "ரத்தத்துல கலப்பு இருக்கான்னு பார்க்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"அது மலருக்கு சார். அந்தப் பக்கத்துக்கு வேற விளம்பரம் போட்டுக்கலாம்."

எண்ணூறு ஆண்டு ரத்தத்தைப் பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டார்கள். கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் காத்துவந்தது ரத்தத்தையே அல்ல, முறையை. மூன்று மாதம் அவர்கள் எச்சிலைப் படித்த நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். இப்படிப்பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது என்று இருந்துவிட்டேன்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன். "அவன் பனைவீட்டு ஆள். என்கிட்ட ஆதாரம் இருக்கு. காட்டுறேன்."

பரமானந்தம் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, குழந்தையிடம் சிரிப்பது போல.

"மொதல்ல வெளியாளு. இப்பப் பனைவீடு. கொஞ்சம் விட்டா நாந்தான் அந்த ஆளும்பீங்க. எங்க கல்யாணத்த நிறுத்தறதுல ஒங்களுக்கு என்ன சார் இவ்வளவு ஆச?"

பனைவீட்டுக் கிழவர் எழுந்து, தன் வீட்டின் மேல் பழி போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். திரையில் நான் போட்டுக் காட்டிய கோடுகளையும் புள்ளிகளையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவற்றில் அவர்களுக்குப் பனைவீடு தெரிந்திருக்காது. ஒரு தடவை பொய் சொன்னவனின் கோடுகள் அவை.

கதவைத் திறந்தார்கள். நான் முதலில் வெளியே வந்து நிறைமதியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இவர்களே எல்லாக் கல்யாணத்தையும் நிறுத்தியிருப்பார்கள் என்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யக் கேட்டவ நான்தானே" என்றாள். "இத்தன வருஷம் இவுககூட இருந்திருக்கேன். எனக்கே தோணலியே."

கிழவர்கள் கூடத்து மேடையில் ஏற, பரமானந்தம் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். பழைய வங்கியில் ஏதோ சிறு குளறுபடி என்றும், பெரியவர்கள் கூடிப் பேசி முறையில் எந்தத் தடங்கலும் இல்லை என்று கண்டுவிட்டதாகவும், தை மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் குறித்த நாளில் நடக்கும் என்றும் சொன்னார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாதவர்களின் கைதட்டல் எப்போதுமே சற்று அதிகம்.

தூணிலிருந்து துருவன் ஓடிவந்தான். மூன்று நாள் தாடி. கண்ணில் நீர் நின்றது.

"கேட்டியா மதி? பெரியவங்களே சொல்லிட்டாக. நமக்குள்ள ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்லையாம்."

அவனுடைய சந்தோஷம் உண்மையானது. அந்தக் கூடத்தில் நான் பார்த்த ஒரே உண்மையான சந்தோஷம் அது. அதையும் நான் இளக்காரமாகத்தான் பார்த்தேன்.

நிறைமதி எழுந்தாள். புடவையை நீவி விட்டுக்கொண்டாள். அவனை நேராகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. கைதட்டல் ஓய்ந்து, நாற்காலிகள் இழுபடுவது ஓய்ந்து, ஏதோ நடக்கிறது என்று எல்லோரும் திரும்பும் வரை பார்த்தாள். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஆஸ்பத்திரி வார்டில் பேர் கூப்பிடும் அந்தக் குரலில் சொன்னாள்.

"துருவன் அண்ணே. வண்டிய எடுங்கண்ணே. என்னைய வீட்டுல விட்டுருங்க."

ஒலிபெருக்கி இன்னும் அணைக்கப்படாமல் இரைந்துகொண்டிருந்தது. 

"ஏய் பொண்ணு" என்றார் பரமானந்தம். "என்ன வார்த்த பேசுற? அது ஒன் மாப்பிள்ள. வார்த்தையத் திரும்ப எடு."

"எங்கண்ணன நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன் தலைவரே."

எடுக்க முடியாத வார்த்தை என்று அவருக்கும் தெரியும். நாலு பேர் காதில் விழ ஒருத்தி ஒருவனை அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு அவளுக்கு அவன் கையால் தாலி கட்டவைக்க எந்தப் பெரியவராலும் முடியாது. அவர்களுடைய எண்ணூறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. பன்னிரண்டு கிழவர்களும் மேடையில் நின்றபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர்கள் முகம் கறுத்தது. பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட முகங்கள். எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

துருவன் அடிபட்டவன் போல நின்றான். உதடு அசைந்தது. பதில் முறை சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையில் சாவியைத் தேடினான். அது கையிலேயே இருந்தது. பிறகு திரும்பி வாசலை நோக்கி நடந்தான். அவள் பின்னால் போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் வண்டியைக் கிளப்பினான். நிறைமதி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்று, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது. வண்டி கிளம்பியது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைகிற அந்தத் தெருவில் அவன் அன்றைக்கு மிக மெதுவாக ஓட்டினான்.

கூடத்தில் யாரும் நகரவில்லை. முன்வரிசையில் கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பெயர் தெரியாது. எண் தெரியும், நானூற்றுப் பதினாறு. பக்கத்தில் நின்ற பையனை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.